கண்ணாடி இல்லாத கேமராவும், நம்ம நெல்லைக்காரர் ஒருவரின் ஒட்டுப்போட்ட கேமராவும்

போன வாரம் ஓபி முடிகிற நேரம். காய்ச்சலுக்கு வந்த ஒரு ஆச்சிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாச்சு. கூட வந்த பேரன் மட்டும் கிளம்பாமல் நின்றான்.

"சார், நீங்க போட்ட மயில் படம் பாத்தேன். நானும் ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கலாம்னு இருக்கேன். லோன் கூட கேட்டுட்டேன். எது வாங்கலாம்? கூந்தன்குளம் போயி பறவை எடுக்கணும், வீட்டு விசேஷமும் எடுக்கணும்."

இதே கேள்வியை இன்பாக்ஸிலும் நிறைய பேர் கேட்கிறீங்க. மாடல் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் அடுத்த வருஷம் அந்த மாடல் பழசாகிவிடும், லோன் மட்டும் புதுசாகவே இருக்கும். அதனால கொஞ்சம் பின்னாடி போய், இந்தப் பொருள் எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று பார்த்துவிட்டு வாங்குவோம். நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துட்டு வாங்க.

முதலில் பெயர். மிரர்லெஸ் என்றால் கண்ணாடி இல்லாதது. அப்போ இத்தனை வருஷமா கேமராவுக்குள்ள கண்ணாடி எதுக்கு இருந்துச்சு?

லென்ஸ் வழியாக வரும் ஒளி நேராகப் போய் ஃபிலிமில் விழ வேண்டும். ஆனால் படம் எடுப்பவர் கண்ணுக்கும் அதே காட்சி தெரிய வேண்டும். ஒரே ஒளி, இரண்டு பேருக்கு வேண்டும். இதற்குக் கண்ட வழிதான், லென்ஸுக்குப் பின்னால் 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி. அது ஒளியை மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். பட்டனை அமுக்கியதும் கண்ணாடி சடக்கென்று மேலே தூக்கிக்கொள்ளும், ஷட்டர் திறக்கும், ஃபிலிமில் ஒளி விழும், கண்ணாடி மறுபடி கீழே இறங்கும். கல்யாண வீட்டில் கேட்ட அந்த "சடக் சடக்" சத்தத்தில் பாதி இந்தக் கண்ணாடியின் சத்தம்.

இந்த யோசனைக்கு இங்கிலாந்தில் தாமஸ் சட்டன் என்பவர் 1861லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அது நம் கைக்கு அடக்கமாக வந்து சேர 100 வருஷம் ஆனது. 35 எம்.எம். ஃபிலிமில் கண்ணாடி வைத்த கீனெ எக்ஸாக்டா 1936ல் ஜெர்மனியில் வந்தது. அந்தக் காலத்துக் கேமராக்களில் படம் எடுத்ததும் கண்ணாடி மேலேயே நின்றுவிடும். அடுத்த படத்துக்கு ஃபிலிமைச் சுற்றும்வரை பார்வை இருட்டு. தானாக உடனே கீழே இறங்கும் கண்ணாடியை 1954ல் ஜப்பானின் அசாஹி நிறுவனம் (பின்னாளில் பென்டாக்ஸ்) பரவலாக்கியது. 1959ல் நிக்கான் எஃப். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்குக் கண்ணாடியின் ராஜ்யம்தான்.

சரி, கண்ணாடிக்கும் முன்னால் நம்ம ஊரில் என்ன நடந்தது?

இங்கே எங்க ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கோங்க. சென்னையில் 1850ல் ஓவியப் பள்ளி தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டர் ஒரு அறுவை மருத்துவர். இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் ஆரம்பம் அதுதான். அந்தப் பத்தாண்டிலேயே அங்கே புகைப்படமும் சொல்லிக் கொடுத்தார்கள். சென்னை புகைப்படச் சங்கம் உருவானதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. வடக்கே ஆக்ராவில் தாஜ்மகாலைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்த ஜான் மர்ரேயும் டாக்டர்தான். வேதிப்பொருள் கலக்கத் தெரிந்தவன்தான் அன்றைக்குப் படம் எடுக்க முடியும் என்பதால் மருத்துவர்கள் இதில் நிறையவே இருந்தார்கள்.

மதராஸ் அரசு 1856ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியை அரசுப் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை என்று 1858ல் சுற்றினார். மீனாட்சி கோயிலும் புதுமண்டபமும் அவர் படங்களில் இன்றைக்கும் அப்படியே நிற்கின்றன. அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். தெரு இருக்கும், மண்டபம் இருக்கும், ஆட்கள் ரொம்பக் குறைவு. அன்றைய நெகட்டிவுக்கு ஒளி பிடிக்க நீண்ட நேரம் ஆகும். நடந்து போகிறவர்கள் பதிவாகவே மாட்டார்கள். கடைசியில் செலவு அதிகம் என்று கவர்னர் ட்ரெவெல்யன் அந்த வேலையையே நிறுத்திவிட்டார். அரசு அலுவலகத்தில் பட்ஜெட் வெட்டு விழுவது இன்றைக்கு நேற்றைக்கு வந்த பழக்கம் இல்லை!

கோயில் அசையாது. மயிலும் குழந்தையும் அசையும். அவற்றைப் பிடிக்க வேண்டுமானால் ஃபிலிம் வேகமாக வேண்டும். அந்த வேகத்துக்கு வழி திறந்ததும் ஒரு மருத்துவர்தான், அதுவும் தன் உடம்புக்கு முடியாமல் போனதால்.

ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ். இங்கிலாந்துக்காரர். மைக்ரோஸ்கோப்பில் தெரிவதைப் படம் எடுப்பது அவருக்குப் பிடித்த வேலை. அன்றைய முறையில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்து, ஈரமாக இருக்கும்போதே கழுவ வேண்டும். காட்டுக்குப் போனால் இருட்டறையையும் கூடாரமாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கொலோடியனில் ஈதர் இருக்கும். மூடிய அறையில் அந்த ஆவியைச் சுவாசித்துச் சுவாசித்து மேடாக்ஸின் உடல்நிலை கெட்டது. மாற்று தேடினார். சமையலறையிலும் புழங்கும் ஜெலட்டினில் வெள்ளி புரோமைடைக் கலந்து, காய்ந்த தகடாகவே வைத்துக்கொள்ளலாம் என்று 1871 செப்டம்பரில் எழுதி வெளியிட்டார். காப்புரிமை வாங்கவில்லை. அதை மற்றவர்கள் மெருகேற்றினார்கள். பத்தே வருஷத்தில் வினாடியின் சிறு பகுதியிலேயே படம் எடுக்கும் அளவுக்கு வேகம் வந்துவிட்டது. ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1880ல் இந்தக் காய்ந்த தகடுகளைத் தயாரித்து விற்றுத்தான் தொழிலைத் தொடங்கினார். அதுதான் கோடக் ஆனது.

ஆக ஓடுற குழந்தையை நீங்கள் படம் எடுக்கிறீர்கள் என்றால், ஈதர் ஒத்துக்கொள்ளாத ஒரு டாக்டருக்கும் அதில் பங்கு இருக்கு.

இதற்குப் பிறகு நம்ம பக்கமும் ஊர் ஊராக ஸ்டுடியோக்கள் வந்தன. பின்னால் வரைந்த திரை, ஒரு நாற்காலி, பக்கத்தில் பூ ஜாடி. தாத்தா உட்கார்ந்திருப்பார், ஆச்சி நிற்பார், ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். நாலைந்து வினாடி அசையாமல் இருக்க வேண்டிய காலத்தில் ஏற்பட்ட முகம் அது. தேவை போன பிறகும் பழக்கம் போகவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களில் கிடந்த படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலாக மாற்றி வைத்திருக்கிறார்கள். ஸ்டுடியோவை மூடும்போது கண்ணாடி நெகட்டிவைக் கழுவி வெறும் கண்ணாடியாகவும், ஃபிலிமை அதிலுள்ள வெள்ளிக்காகவும் எடைக்குப் போடுவது சகஜம். ஒரு ஊரின் மூன்று தலைமுறை முகங்கள் கிலோ கணக்கில் போன கதை அது.

இப்போது தலைப்பில் சொன்ன நெல்லைக்காரர்.

மா. கிருஷ்ணன். 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தவர். அப்பா யார் தெரியுமா? 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா. எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. அவருக்கு 13 வயது இருக்கும்போது, 1925ல், பட்டப்படிப்பில் தமிழ் கட்டாயமாக வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேசி முடித்த அப்பா அங்கேயே இறந்துபோனார்.

கிருஷ்ணன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார், சட்டமும் படித்தார், சந்தூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்தார், அதை விட்டார். பிறகு எந்த நிரந்தர வேலையும் இல்லாமல் எழுத்தும் படமும்தான் வாழ்க்கை. கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950ல் ஆரம்பித்த பத்தியை 1996ல் இறக்கும்வரை எழுதினார். 46 வருஷம். தமிழிலும் எழுதினார். தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற புத்தகத்தில் அந்தக் கட்டுரைகள் கிடைக்கும், வாங்கிப் படியுங்கள்.

அவர் என்ன கேமரா வைத்திருந்தார்? இங்கேதான் நம்ம பையன்கள் கவனிக்கணும்.

கடையில் வாங்கிய ஒரு கேமரா இல்லை. ஒரு கம்பெனியின் உடல், இன்னொரு கம்பெனியின் தொலைநோக்கு லென்ஸ், வேறெங்கிருந்தோ எடுத்த உதிரி பாகங்கள், எல்லாவற்றையும் தானே சேர்த்து ஒட்டிக் கட்டிய ஒரு பெரிய சாதனம். அதற்கு 'சூப்பர் பொண்டரோசா' என்று ஒரு பட்டப்பெயர். அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்து இயற்கையாளராக மாறிய இ.பி. ஜீ இதைப் பார்த்துவிட்டு, கயிறும் கம்பியும் எங்கேயோ உள்ளே இருந்தே தீரும் என்ற தொனியில் கிண்டலாக எழுதினார். அதே ஜீதான், தான் பார்த்த கறுப்பு வெள்ளைக் காட்டுயிர்ப் படக்காரர்களில் கிருஷ்ணனே முதன்மையானவர் என்றும் எழுதினார்.

ஆட்டோ ஃபோகஸ் இல்லை. நடுக்கத்தைத் தணிக்கும் வசதி இல்லை. எடுத்த படம் சரியாக வந்ததா என்பது ஊருக்குத் திரும்பி இருட்டறையில் கழுவினால்தான் தெரியும். முதுமலையில் முகாம் யானை மேல் உட்கார்ந்துகொண்டு காட்டு யானைக் கூட்டத்தை எடுத்தார். நடந்தும் எடுத்தார். யானை மேல் இருந்து எடுப்பது சுலபம் என்று நினைக்காதீங்க. யானை நின்றாலும் அதன் உடம்பு ஆடிக்கொண்டே இருக்கும், மேலே இருக்கிறவரும் சேர்ந்து ஆடுவார்.

எனக்கு அவர் படங்களில் பிடித்தது இதுதான்: மிருகம் தன் பாட்டுக்கு இருக்கும். கேமராவைக் கண்டு மிரண்டு ஓடும் படம் என்றால், அது படம் எடுத்தவர் செய்த தொந்தரவின் பதிவு. 1959 முதல் 1970 வரை தென்னிந்தியக் காடுகளின் பெரிய பாலூட்டிகளைப் பார்த்துப் பதிவு செய்து அவர் எழுதியதை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975ல் புத்தகமாகப் போட்டது. புலிகள் காப்பகங்கள் வருவதற்கு முந்தைய நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு இன்றைக்கும் எடுத்துப் பார்க்கப்படும் பதிவு அது. பத்மஸ்ரீயும் கொடுத்தார்கள்.

இதில் ஒரு மருத்துவச் செய்தியும் சொல்லிவிடுகிறேன். நம்ம பக்கத்துக் கழுகுமலை, ஊர்ப் பெயரிலேயே கழுகு. பிணந்தின்னிக் கழுகுகள் இந்தியா முழுக்க சர்வசாதாரணமாக இருந்த பறவைகள். யாரும் ஃபிலிமை வீணாக்கி எடுக்காத அளவுக்குச் சாதாரணம். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி (ஆமா, நீங்க மூட்டு வலிக்குப் போட்டுக்கிற அதேதான்) செத்த மாட்டின் உடம்பில் தங்கி, அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. வெண்முதுகுக் கழுகு 15 வருஷத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. 2006ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டில் பிணந்தின்னிக் கழுகு பார்க்க நீலகிரி மோயாறு பக்கம் போக வேண்டும். அதனால் தம்பி, புலி கிடைக்கவில்லை என்று வருத்தப்படாதே. வயலில் நிற்கிற கொக்கையும் வீட்டு ஓட்டில் இருக்கிற சிட்டையும் எடுத்து, தேதியும் இடமும் எழுதி வை.

கிருஷ்ணன் காலத்து ஃபிலிம் எங்கிருந்து வந்தது? வெளிநாட்டில் இருந்து. அந்த நிலையை மாற்ற நம்ம ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 1960ல் தொடங்கப்பட்டு, 1967ல் உற்பத்தி ஆரம்பித்தது. 'இந்து' என்ற பிராண்ட். கறுப்பு வெள்ளை ரோல் மட்டும் இல்லை, எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கேதான். நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது எக்ஸ்ரே ரூமுக்குப் பின்னால் ஒரு இருட்டறை, டெவலப்பர் நாற்றம், கிளிப்பில் தொங்கும் ஈர ஃபிலிம். "ஈரத்தோட எடுத்துட்டுப் போகாதீங்க டாக்டர்" என்று டெக்னீஷியன் அண்ணன் கத்துவார். அந்த இருட்டறையும் போனது, ஊட்டித் தொழிற்சாலையும் நலிந்து மூடியது. காரணங்கள் பல. கலர் ஃபிலிமுக்கு நேரத்தில் மாறாதது ஒன்று. ஆனால் கடைசி ஆணி டிஜிட்டல்தான்.

அந்த ஆணியை அடித்தது யார்? கோடக்கே. அங்கே வேலை பார்த்த ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் 1975ல் உலகின் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்து காட்டினார். எடை 3.6 கிலோ. 10,000 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். ஒரு படத்தை கேசட் டேப்பில் பதிய 23 வினாடி. ஃபிலிம் விற்றுப் பிழைக்கிற கம்பெனி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2012 ஜனவரியில் கோடக் திவால் மனு கொடுத்தது.

ஃபிலிம் போய் சென்சார் வந்த பிறகும் உள்ளே அந்தக் கண்ணாடி மட்டும் அப்படியே இருந்தது. யோசித்துப் பாருங்கள், சென்சாரே காட்சியைப் பார்க்கும். அது பார்ப்பதைச் சின்னத் திரையில் நமக்குக் காட்டிவிடலாம். நடுவில் கண்ணாடி எதற்கு? இதைச் செய்து, லென்ஸ் மாற்றும் வசதியோடு 2008ல் பானசோனிக் ஜி1 வந்தது. ஆரம்பத்தில் கேலி செய்தார்கள். திரை மங்கல், ஃபோகஸ் மந்தம், பேட்டரி சாப்பிடுகிறது என்றார்கள். எல்லாம் உண்மைதான். 2013ல் சோனி ஏ7 முழு ஃபிரேம் சென்சாரோடு வந்தது. 2017ல் சோனி ஏ9 வினாடிக்கு 20 படம், சத்தமே இல்லாமல், பார்வை இருட்டாகாமல் எடுத்தது. ஒரு 36 ஃபிலிம் ரோலை 2 வினாடிக்குள் முடிக்கும் வேகம். 2018ல் நிக்கானும் கேனனும் முழு ஃபிரேம் மிரர்லெஸுக்கு இறங்கின. 2019ல் மிருகத்தின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் வந்தது. 2020க்குப் பிறகு நிக்கானும் கேனனும் புது டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை. 1861ல் சட்டன் வைத்த கண்ணாடி இறங்கிவிட்டது.

சரி தம்பி, இப்ப உன் கேள்விக்கு வருவோம்.

உன் காசில் பாதிக்கு மேல் லென்ஸுக்கு ஒதுக்கு. கேமரா உடல் நாலு வருஷத்தில் பழசாகும், நல்ல லென்ஸ் பதினைந்து வருஷம் உழைக்கும். பறவை எடுக்க 400 எம்.எம்.மாவது வேண்டும். முழு ஃபிரேம் என்று ஆசைப்படாதே. ஏபிஎஸ்-சி என்ற சின்ன சென்சார் கேமராவில் 400 எம்.எம். போட்டால் முழு ஃபிரேமில் 600 போட்ட அளவுக்குப் பக்கத்தில் தெரியும். பறவைக்காரர்களுக்கு இது குறையே இல்லை, லாபம். எடையும் குறையும். 2 கிலோ லென்ஸைக் காலையில் இருந்து மதியம்வரை தூக்கிவிட்டு, கழுத்து வலி என்று என்னிடமே வருவீர்கள்.

வீட்டுக்கு எஃப் 1.8 அளவில் ஒரு 35 அல்லது 50 எம்.எம். லென்ஸ். விலை குறைவு, ஆனால் கேமராவோடு வரும் ஜூம் லென்ஸின் எஃப் 5.6ஐ விட ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். ஆடித்தபசு அன்று சாயங்காலம் தெற்கு ரதவீதிக் கூட்டத்தில் நின்று எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் அப்போது புரியும்.

வீட்டில் அண்ணன் வைத்திருந்த பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ் இருந்தால் தூக்கிப் போடாதீங்க. அதே கம்பெனி மிரர்லெஸில் அடாப்டர் போட்டுப் பெரும்பாலும் மாட்டலாம். கிருஷ்ணன் கண்டிப்பாகச் சந்தோஷப்பட்டிருப்பார். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. அதை வாங்காதீர்கள்.

40 வயதைத் தாண்டியவர்களுக்குத் தனியாக ஒன்று. வெள்ளெழுத்து வந்தவர்கள் டிஎஸ்எல்ஆரில் எடுத்த படத்தைப் பின்பக்கத் திரையில் பார்க்க ஒவ்வொரு தடவையும் மூக்குக் கண்ணாடியைத் தேட வேண்டும். மிரர்லெஸில் கண் வைத்துப் பார்க்கும் துவாரத்துக்குள்ளேயே எடுத்த படமும் தெரியும். அந்தத் துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருகி உங்கள் பார்வைக்குச் சரி செய்துகொள்ளலாம். கேமரா கெட்டுப்போச்சு, எல்லாம் மங்கலா தெரியுதுன்னு சொன்ன என் நண்பருக்கு இந்தத் திருகுதான் வைத்தியம்.

பயன்படுத்தும்போது: பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/2000 வினாடி, ஓடுற பிள்ளைக்கு 1/500. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைத் தூங்குகிற குழந்தைக்கும், பக்கத்தில் உட்கார்ந்த பறவைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெரும்பாலான கேமராக்களில் அது சென்சாரை வரி வரியாகத்தான் படிக்கும். அதனால் வேகமான சிறகு வளைந்து தெரியும், மண்டபத்து எல்இடி வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். தாலி கட்டுற நேரத்தில் இந்தத் தப்பைச் செய்யாதீங்க, அங்கே மெக்கானிக்கல் ஷட்டர்தான். திரை எப்போதும் எரிவதால் பேட்டரி சீக்கிரம் தீரும், கூடுதலாக இரண்டு. கண்ணாடி இல்லாததால் லென்ஸைக் கழற்றினால் பல கேமராக்களில் சென்சார் நேராக வெளியே தெரியும். நம்ம கரிசல் காட்டுப் புழுதியில், அதுவும் ஆடிக் காற்றில், லென்ஸ் மாற்றினால் அம்புட்டுதான். மாற்ற வேண்டுமானால் காருக்குள்ளே, கேமராவைக் குப்புறப் பிடித்து.

பச்சைக் குழந்தைக்கு ஃபிளாஷ் அடிச்சா கண்ணு போயிடுமா என்று தாய்மார்கள் கேட்பார்கள். சாதாரண ஃபிளாஷால் பார்வை கெடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் ஜன்னல் ஓரம் படுக்க வைத்து எடுங்கள், படம் அழகாக வரும், பிள்ளையும் முழிக்காது.

புது லென்ஸ் வாங்கின ஜோரில் காட்டுக்குள் போகாதீங்க. முதலில் கூந்தன்குளம். 1994ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீட்டுக் கொல்லை மரத்திலேயே கூடு கட்டும், சின்ன லென்ஸே போதும். அந்த ஊர்க்காரர்கள் எச்சத்தையும் நாற்றத்தையும் சகித்துக்கொண்டு பறவைகளை வைத்திருக்கிறார்கள். நாம் போய் மரத்தைக் கல்லால் அடித்துப் பறக்க விட்டு எடுத்தால் அதைவிடக் கேவலம் இல்லை. கூட்டை மறைக்கும் கிளையை ஒடிக்கவும் கூடாது. நிழல் போனால் வெயிலில் குஞ்சு சில மணி நேரத்தில் செத்துப்போகும். மான் எடுக்க வல்லநாடு வெளிமான் சரணாலயம் பக்கத்தில் இருக்கிறது. வனத்துறை அனுமதியோடு போங்கள்.

கடைசியா ஒன்று. ஒரு மருத்துவரா நான் அடிக்கடி பார்க்கிற காட்சி. ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்லி முடித்துக் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர்கள் ஃபோனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். போஸ்டருக்குப் படம் வேண்டும். ஆயிரக்கணக்கில் படம் இருக்கும் அந்த ஃபோனில், அப்பா தனியாக, தெளிவாக இருக்கிற ஒரு படம் இருக்காது. எல்லாரையும் எடுத்தவர் அவர்தானே. கடைசியில் ஆதார் கார்டு படத்தைப் பெரிசாக்கி, அல்லது யார் கல்யாணக் குரூப் போட்டோவிலோ இருந்து வெட்டி, தோளில் யார் கையோ ஒட்டிக்கொண்டிருக்க ஃபிளக்ஸ் அடிப்பார்கள்.

எடுத்ததை இரண்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில். வருஷத்துக்கு இருபது படமாவது பிரிண்ட் போடுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளித் துகள், அதான் தாத்தா இன்னும் தெளிவாக இருக்கிறார். 80களின் கலர் படத்தில் இருப்பது சாயம், அதான் அம்மா கல்யாண ஆல்பம் சிவந்துபோய் இருக்கு. அந்த ஆல்பத்தை முதல் வேலையாக மறு படம் எடுங்கள். அதற்கும் உங்க புது கேமரா போதும்.

பையன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு போனான். லோனைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, செகண்ட் ஹேண்ட் ஏபிஎஸ்-சி உடலும் ஒரு 50 எம்.எம். லென்ஸும் முதலில் வாங்கியிருக்கிறான். பறவை லென்ஸ் தீபாவளிக்கு. நேற்று ராத்திரி ஒரு படம் அனுப்பினான். வீட்டுத் திண்ணை, ஜன்னல் வெளிச்சம், நான் மாத்திரை எழுதிக் கொடுத்த அதே ஆச்சி. கண்ணில் ஃபோகஸ் கச்சிதம், பாம்படக் காதின் ஓட்டை வரை தெரியுது.

கீழே எழுதியிருந்தான்: "சார், இருபது படம் எடுத்துட்டேன். ஆச்சி சிரிக்கவே மாட்டேங்குது."